இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்: பெயரும் பலனும்

எடைக்குறைப்பு பற்றி இணையத்தில் தமிழில் தேடினால் 'இடைவிடாத உண்ணாவிரதம்' என்று ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும். இடைவிடாமல் உண்ணாமல் இருந்தால் எடை குறையும்தான், ஆள்தான் மிஞ்ச மாட்டார். இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்பது சில மணி நேரமோ சில நாட்களோ உண்ணாமலோ குறைத்து உண்டோ இருந்து, மற்ற நேரத்தில் வழக்கம்போல் உண்பது. அதை இப்படி நேர் எதிராகத் திருப்பியது மனிதரோ இயந்திரமோ, தவறு எங்கே நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 'இடைவிடு' என்ற வினை தமிழில் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் அதன் எதிர்மறைதான் வாழ்கிறது: இடைவிடாத மழை, இடைவிடாத முயற்சி. 'இடைவிட்ட' என்பது வாயில் வருவதே இல்லை. அதனால் கை தானாகப் பழகிய வடிவத்துக்குப் போய்விடுகிறது.

இன்னொரு கூட்டம் 'இடைப்பட்ட உண்ணாவிரதம்' என்கிறது. இடைப்பட்ட காலம் என்றால் நடுவில் உள்ள காலம். அப்படியானால் இது எந்த இரண்டு உண்ணாவிரதங்களுக்கு நடுவில் வந்தது? இதுவும் சரிப்படாது.

மூலச்சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். இன்டர்மிட்டன்ட் என்பது லத்தீனிலிருந்து வந்தது. 'இன்டர்' என்றால் இடையில். 'மிட்டெரே' என்றால் விடு. தமிழ் 'விடு' போலவே அந்த லத்தீன் வினைக்கும் கைவிடுதல், அனுப்புதல் என இரண்டு பொருளும் உண்டு (நாமும் தூது விடுகிறோம் அல்லவா). ஆக உறுப்புக்கு உறுப்பு சரியாகப் பொருந்தும் தமிழ் வடிவம் 'இடைவிட்ட' என்பதே. பேச்சில் இதையே 'விட்டுவிட்டு' என்கிறோம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, வலி விட்டுவிட்டு வருகிறது.

மருத்துவத்தில் இந்த ஆங்கிலச் சொல் பட்டினிக்கு முன்பே காய்ச்சலுக்குப் பயன்பட்டது. மலேரியா போல ஒருநாள் விட்டு ஒருநாளோ இரண்டு நாள் விட்டோ கணக்கு வைத்து வரும் காய்ச்சலைத்தான் ஆங்கில மருத்துவர்கள் அப்படி அழைத்தார்கள். தமிழில் அதற்கு 'முறைக்காய்ச்சல்' என்று அழகான பெயர் உண்டு. முறை வைத்து வருவதால் முறைக்காய்ச்சல். அந்த வழியில் போனால் 'முறைநோன்பு' என்றும் சொல்லலாம். எனக்கு ஆசைதான். ஆனால் 'முறையான நோன்பு' என்று படித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அடுத்தது ஃபாஸ்டிங். பழைய ஜெர்மானிய மொழிகளில் இதன் வேருக்கு 'உறுதியாகப் பிடித்துக்கொள்' என்று பொருள். அதிலிருந்து ஒரு விதியைக் கைக்கொள்வது, பிறகு உணவை மறுப்பது என்று சுருங்கியது. காலை உணவுக்கான ஆங்கிலச் சொல்லிலும் இரவெல்லாம் பிடித்த நோன்பை முறிப்பது என்ற கருத்து ஒளிந்திருக்கிறது. தமிழ் பேசும் முஸ்லிம்கள், குறிப்பாக இலங்கையில், 'நோன்பு பிடிக்கிறோம்' என்றும் மாலையில் 'நோன்பு திறக்கிறோம்' என்றும் சொல்வது இதோடு ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

தமிழில் சாப்பிடாமல் இருப்பதற்குச் சொற்கள் ஏராளம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்துக்கு. பட்டினி என்பது பெரும்பாலும் இல்லாமையால் வருவது. விரதம் என்பது வடமொழியிலிருந்து வந்தது. சங்கல்பம், கட்டுப்பாடு என்பதே அடிப்படைப் பொருள், அது உணவைப் பற்றியதாகவே இருக்கவேண்டும் என்றில்லை. மௌன விரதமும் விரதம்தான். உபவாசமும் வடமொழி, அருகில் இருத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். உண்ணாவிரதம் என்ற கலப்புச் சொல் பந்தலுக்கும் மைக்குக்கும் சொந்தமாகிவிட்டது. 1956-இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி உயிரைவிட்ட சங்கரலிங்கனார் இருந்தது உண்ணாவிரதம். இடுப்பளவைக் குறைக்க இரவு தோசையைத் தவிர்ப்பவருக்கு அதே சொல்லைக் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது.

நோன்பு தனிக் கதை. நோல் என்ற வேர். பொறுத்தல், தாங்குதல் என்பது பொருள். 'உண்ணாது நோற்பார் பெரியர்' என்று தொடங்கும் குறள், பிறர் சொல்லும் இன்னாச்சொல்லை 'நோற்பார்' அவரைவிடப் பெரியவர் என்று முடிகிறது. ஒருவர் பசியைத் தாங்குகிறார், மற்றவர் வசையைத் தாங்குகிறார், வினை ஒன்றுதான். அதாவது நோன்பு என்ற சொல்லுக்குள் சாப்பாடு இல்லை. அதனால்தான் 'உண்ணாது' என்று தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்ற சமணக் குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் 'அனசனம்' நோற்று உயிர்விட்ட இடம் இது என்கிறது. அனசனம் என்றால் உண்ணாமை. இங்கேயும் உண்ணாமைக்கு ஒரு சொல், தாங்குவதற்கு இன்னொரு சொல்.

உயிர்விடும்வரை இருப்பவற்றைத் தள்ளிவைத்தால், சமய நோன்புகளுக்குப் பொதுவாக ஒன்று இருக்கிறது: முடிக்கும் நாள் உண்டு. ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணை. ரமலானுக்குப் பிறகு பெருநாள். தவக்காலத்துக்குப் பிறகு ஈஸ்டர். எடைக்காகச் செய்வதற்கு அப்படி ஒரு நாள் கிடையாது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பத் தொடங்கும். ரமலான் மாதத்தில் எடை பார்த்த ஆய்வுகள் இதையே காட்டுகின்றன: சராசரியாக ஒரு கிலோ அளவுக்குக் குறைகிறது, நோன்பு முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ரமலான் நோன்பு எடைக்காக ஏற்பட்டதல்ல என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடைக்காகவே இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்பது ஒரே முறையின் பெயரல்ல. அந்தக் குடைக்குள் நாலைந்து வகை நிற்கின்றன, சிலவற்றுக்கு நம்மிடம் முன்பே பெயர் இருக்கிறது. நாளுக்கு ஒரே சாப்பாடு என்பதை 'ஓமேட்' என்று புதிதாக விற்கிறார்கள். அது 'ஒருபொழுது'. சனிக்கிழமை ஒருபொழுது இருக்கும் பாட்டிகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கத்தோலிக்கர்கள் இதை 'ஒருசந்தி' என்கிறார்கள். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். ஒருநாள் குறைத்து ஒருநாள் வழக்கம்போல் உண்பது 'ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு'. இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை. 5:2 என்பது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் உணவை 500 அல்லது 600 கலோரிக்குச் சுருக்குவது. 2012-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் மைக்கேல் மோஸ்லி பிபிசியில் காட்டிய நிகழ்ச்சிக்குப் பிறகு பிரிட்டனில் பெரிய அலையாக எழுந்தது இதுதான். கடைசியாக, நம் ஊரில் எல்லோரும் 'ஐ.எஃப்.' என்று சொல்லும் 16:8. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மீதி 16 மணி நேரம் சும்மா இருப்பது. அந்த 16-இல் தூக்கம் ஏழெட்டு மணி நேரம் என்பதை மறக்கக் கூடாது. இதற்கு நோன்பு என்ற பெயரே அதிகம். 'நேரங்குறித்த உணவு' என்று சொன்னால் போதும்.

சரி, எடை குறையுமா, குறைந்தது நிற்குமா?

16:8-ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் பலன் ஏமாற்றமளிக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 116 பேரை வைத்துச் செய்து 2020-இல் வெளியான சோதனையில், ஒரு பாதியினர் நண்பகல் முதல் இரவு எட்டு வரை மட்டும் சாப்பிட்டார்கள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. மறுபாதியினர் மூன்று வேளையும் உண்டார்கள். 12 வாரத்தில் முதல் பிரிவு இழந்தது 0.94 கிலோ, இரண்டாவது பிரிவு 0.68 கிலோ. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலும் ஆய்வகத்தில் உடற்கூறு அளந்து பார்த்தவர்களிடம், குறைந்த எடையில் பெரும்பங்கு கொழுப்பாக இல்லாமல் தசை முதலியனவாக இருந்தது. ஆய்வை நடத்திய இதய மருத்துவர் ஈதன் வைஸ் பல ஆண்டுகளாகத் தானே 16:8 இருந்தவர். முடிவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

2022-இல் குவாங்சோவிலிருந்து வந்த ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரி. 139 பேர், ஓராண்டு. இரு பிரிவுக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு பிரிவு மட்டும் காலை எட்டு முதல் மாலை நாலு வரைக்குள் உண்ணவேண்டும். ஆண்டு முடிவில் அவர்கள் 8 கிலோ குறைந்திருந்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல்படி இந்த இடைவெளி பொருட்படுத்தத் தக்கதல்ல. அதாவது எடையைக் குறைத்தது கலோரி. கடிகாரத்தின் பங்கு அதிகமில்லை. அப்புறம் கடிகாரம் எதற்கு? பலருக்கு இரவு ஒன்பதரைக்கு மேல் தொலைக்காட்சி முன்னால் உள்ளே போகும் மிக்சரும் முறுக்கும்தான் எடைக்குக் காரணம். அவர்களுக்கு எட்டு மணிக்குச் சமையலறை விளக்கை அணைப்பது கலோரி எண்ணுவதைவிடச் சுலபம். இதன் உண்மையான பயன் அந்தச் சுலபம்தான்.

நீடிப்பு பற்றி எனக்குப் பிடித்த தகவல் சிகாகோவில் 100 பேரிடம் ஓராண்டு நடந்து 2017-இல் வெளியான ஒருநாள் விட்டு ஒருநாள் சோதனையில் இருக்கிறது. நோன்பு நாளில் தேவையில் 25 சதவீதம், மறுநாள் 125 சதவீதம் என்பது விதி. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நோன்பு நாளில் விதித்ததைவிடக் கூடுதலாகவும், விருந்து நாளில் விதித்ததைவிடக் குறைவாகவும் உண்டார்கள். யாரும் சொல்லாமலே சாதாரண உணவுக் கட்டுப்பாட்டை நோக்கி நகர்ந்துவிட்டார்கள். எடைக்குறைப்பிலும் தினசரிக் கட்டுப்பாட்டுப் பிரிவோடு வேறுபாடு இல்லை. பாதியில் விட்டுப் போனவர்கள் நோன்புப் பிரிவில் 38 சதவீதம், தினசரிக் கட்டுப்பாட்டில் 29 சதவீதம்.

எதிர்ச்சான்றும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. 2025-இல் கொலராடோவிலிருந்து வந்த ஆய்வில், வாரத்தில் மூன்று நாள் கடுமையாகக் குறைத்தவர்கள் ஓராண்டில் உடல் எடையில் 7.6 சதவீதம் இழந்தார்கள். தினமும் கொஞ்சம் குறைத்தவர்கள் 5 சதவீதம். இரு பிரிவினருக்கும் குழுவாகக் கூடிப் பேசும் ஆதரவு கிடைத்தது. ஆக, சிலருக்கு 'தினமும் கொஞ்சம்' என்பதைவிட 'வாரத்தில் சில நாள் அதிகம்' என்பது எளிதாக இருக்கலாம். ஆனால் இத்தகைய சோதனைகளில் பெரும்பாலானவை ஓராண்டோடு நின்றுவிடுகின்றன. 'வாழ்நாள் முழுதும் செய்யலாம்' என்று யாராவது காணொளியில் அடித்துச் சொன்னால், அது அவருடைய நம்பிக்கை.

அதே காணொளிகளில் 'ஆட்டோபேஜி'யும் தவறாமல் வரும். செல் தன் பழுதடைந்த பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் இந்த இயக்கத்தை ஆராய்ந்ததற்காக யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களில். காலை இட்லியைத் தவிர்த்தால் தொப்பை போகும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

நம் வீடுகளில் 16:8 எங்கே உடைகிறது என்றால் காலை ஆறு மணிக் காப்பியில். பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் காப்பி உணவுக் கணக்கில்தான் வரும். 'காப்பி மட்டும்தானே' என்பது செல்லாது. கடுங்காப்பி சர்க்கரை இல்லாமல் என்றால் சரி. அடுத்த உடைப்பு நண்பகலில், 16 மணி நேரப் பசியோடு சோற்றின்மேல் பாய்வது. விதிக்குள்ளேயே விதியைத் தோற்கடிப்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். பலகாரம் என்ற சொல்லே சாட்சி: வடமொழியில் பழ உணவு என்று பொருள்படும் ஃபலாஹாரம் தேய்ந்து வந்தது அது. விரத நாளில் சோற்றுக்குப் பதில் பழம் என்று தொடங்கி, சோற்றுக்குப் பதில் நெய் தோசையும் உப்புமாவும் என்றாகி, இன்று தீபாவளிக்கு எண்ணெயில் பொரிப்பது வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆக, எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை: குடைச்சொல்லாக 'இடைவிட்ட நோன்பு', 16:8-க்கு 'நேரங்குறித்த உணவு', நாளுக்கு ஒருவேளைக்கு 'ஒருபொழுது'. 'இடைநோன்பு' என்று சுருக்கினாலும் எனக்கு மறுப்பில்லை.

மருத்துவரிடம் பேசும்போது மட்டும் இவை எதுவும் வேண்டாம். அங்கே ஃபாஸ்டிங் என்றால் சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வருவது. விரதம் என்றால் அமாவாசையோ கிருத்திகையோ என்று நினைத்துக்கொள்வார். 'இரவு எட்டு மணியிலிருந்து மறுநாள் பன்னிரண்டு வரை எதுவும் சாப்பிடுவதில்லை' என்று மணிக்கணக்கைச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இப்படிச் சொல்வது கட்டாயம். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலை உணவை விட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். மருந்தின் அளவையோ நேரத்தையோ மருத்துவர்தான் மாற்றித் தர வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முன்பு உண்ணும் கோளாறால் அவதிப்பட்டவர்கள் எந்தப் பெயரிலும் இதில் இறங்க வேண்டாம்.