ஃப்ளூ வைரஸின் பாலிமரேஸ்: மூன்று புரதங்கள் கோத்துக்கொள்ளும் விதம்

இன்ஃபுளுவென்சா ஏ வைரஸின் மரபுப்பொருள் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. இவை அனைத்தையும் படியெடுப்பது பாலிமரேஸ் என்ற நொதி. அது தனியொரு புரதமன்று, பி.பி.1, பி.பி.2, பி.ஏ. என்னும் மூன்று புரதங்களின் கூட்டு. ஒவ்வொன்றும் 700 முதல் 760 வரையிலான அமினோ அமிலங்களைக் கொண்டது. ஒன்று இல்லாவிட்டாலும் வைரஸால் பெருக முடியாது.

நடுவில் அமைவது பி.பி.1. ஆர்.என்.ஏ. இழையை நீட்டும் வேதிவினை இதன் மையத்திலேயே நிகழ்கிறது. இதன் தொடக்க முனையில் உள்ள ஏறத்தாழ 15 அமினோ அமிலங்கள் சிறு சுருளாகி, பி.ஏ.வின் பின்பகுதியில் உள்ள பிளவுக்குள் செருகிக்கொள்கின்றன. மறுமுனையோ பி.பி.2-இன் தொடக்கத்திலுள்ள சுருள்களோடு பின்னிக்கொள்கிறது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் படிக ஆய்வுகள் இந்த இரண்டு இணைப்புகளையும் தனித்தனியே காட்டின. 2014-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஸ்டீபன் கியூசாக் குழுவினர் முழுக் கூட்டின் வடிவத்தையும் வெளியிட்டபோது, பிணைப்பு இந்த முனைகளோடு நிற்கவில்லை என்பது தெரிந்தது. பி.ஏ.வின் இரு பகுதிகளை இணைக்கும் நீண்ட இழை பி.பி.1-இன் மேற்பரப்பைச் சுற்றிப் படர்ந்திருந்தது.

கூட்டு உருவாவதிலும் ஒரு வரிசை உண்டு. செல்லின் திரவப்பகுதியில் தயாரானதும் பி.பி.1-உம் பி.ஏ.வும் முதலில் இணைந்து, செல்லுக்குரிய கடத்துப் புரதம் ஒன்றின் துணையோடு உட்கருவுக்குள் நுழைகின்றன, பி.பி.2 வேறொரு கடத்தியைப் பற்றித் தனியே வந்து அங்கே சேர்கிறது.

இந்தப் புரதங்கள் எவ்வளவு நெருக்கமாக ஒத்துழைக்கின்றன என்பது தூது ஆர்.என்.ஏ. தயாரிப்பில் தெளிவாகும். அதற்குத் தேவையான தொப்பி போன்ற முன்முனையைத் தானே உண்டாக்கும் திறன் வைரஸுக்கு இல்லை. ஆகவே நம் செல்லின் ஆர்.என்.ஏ.வின் தொப்பியை பி.பி.2 பற்றிக்கொள்ள, அதிலிருந்து 10 முதல் 13 எழுத்துகள் தள்ளி பி.ஏ. வெட்டுகிறது, பிறகு பி.பி.2-இன் அந்தப் பகுதி ஏறத்தாழ 70 பாகை சுழன்று, வெட்டிய துண்டை பி.பி.1-இன் மையத்தை நோக்கித் திருப்புகிறது. துண்டு கைமாறாமல், அதைப் பிடித்திருக்கும் புரதப்பகுதியே திரும்புவதுதான் இந்த அமைப்பின் உண்மையான நேர்த்தி என்பேன்.

மரபுப்பொருளை நகலெடுக்க ஒரு பாலிமரேஸ் மட்டும் போதாது. ஏ.என்.பி.32ஏ என்ற செல்புரதம் இரண்டு பாலிமரேஸ்களை இணைக்கும் பாலமாகிறது; ஒன்று நகலெடுக்க, மற்றொன்று புதிய இழையை ஏற்கிறது. பறவைகளின் ஏ.என்.பி.32ஏ-வில் 33 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பதால், பறவை வைரஸின் பாலிமரேஸ் மனிதச் செல்லில் தடுமாறுகிறது. பி.பி.2-இன் 627-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் லைசினாக மாறும்போது அந்தத் தடை பெருமளவு விலகுகிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ்களில் இந்த ஓர் இடத்தை ஆய்வாளர்கள் இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

2018-இல் பயன்பாட்டுக்கு வந்த பலாக்சவிர் என்ற ஃப்ளூ மருந்து பி.ஏ.வின் வெட்டும் செயலைத் தடுக்கிறது. ஆனால் பி.ஏ.வின் 38-ஆம் அமினோ அமிலம் மாறினாலே வைரஸ் அம்மருந்துக்குப் பணிய மறுக்கிறது. புரதங்கள் சேரும் இடத்தையே தடுத்தால், வைரஸ் தப்ப இரு புரதங்களும் ஒத்துப்போகும்படி மாற வேண்டியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்து வலுப்பெறுகிறது. பி.பி.1-இன் முதல் 25 அமினோ அமிலங்களைப் போன்ற பெப்டைடு, அதாவது குறுகிய அமினோ அமிலத் தொடர், அது செருகும் பி.ஏ.வின் பிளவை அடைத்து, வைரஸின் பெருக்கத்தைச் சோதனைக்கூடத்தில் தடுத்திருக்கிறது. பெப்டைடுகள் உடலில் எளிதில் சிதைந்துவிடும் என்பதாலும், செல்லுக்குள் நுழைய இயலாமல் திணறும் என்பதாலும், அதே பிளவில் பொருந்தும் சிறு மூலக்கூறுகளை ஆய்வாளர்கள் தேடிவருகின்றனர்.