காம்ப்ளெக்ஸ் சென்டன்ஸா? முதலில் வினைமுற்றைத் தேடுங்கள்

குடியாத்தத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் தமிழ்வழியில் படிப்பவர்கள். வீட்டில் கைத்தறி இருக்கும், அல்லது அம்மா தீப்பெட்டி வேலைக்குப் போவார். வாக்கியத்தை மாற்றி எழுதும் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு மனப்பாடம் உண்டு: 'இன்ஸ்பைட் ஆஃப்' வந்தால் சிம்பிள் (தனி வாக்கியம்), 'பட்' வந்தால் காம்பவுண்ட் (தொடர் வாக்கியம்), 'தோ' வந்தால் காம்ப்ளெக்ஸ் (கலவை வாக்கியம்). மார்க் கிடைத்துவிடும். வாக்கியம் மட்டும் புரிந்திருக்காது.

நீளமாக இருந்தால் காம்ப்ளெக்ஸ் என்று நினைக்கிறார்கள். காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஊர்களை அடுக்கி 'இந்த ரயில் இங்கெல்லாம் நிற்கும்' என்று ஆங்கிலத்தில் எழுதினாலும் அது சிம்பிள்தான். வினை ஒன்றே ஒன்று. 'ஐ லெஃப்ட் வென் ஹி கேம்' ஐந்தே வார்த்தை, ஆனால் காம்ப்ளெக்ஸ். லெஃப்ட், கேம் என்று இரண்டு வினை. அதில் 'வென் ஹி கேம்' தனியாக நிற்காது, 'ஐ லெஃப்ட்' நிற்கும். நிற்பது மெயின் கிளாஸ் (முதன்மைத் தொடர்), நிற்காதது சப்ஆர்டினேட் கிளாஸ் (சார்புத் தொடர்).

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. தமிழில் 'என்று' போட்டுச் சேர்ப்பதை விட்டுவிட்டால், ஒரு வாக்கியத்துக்குப் பெரும்பாலும் ஒரே வினைமுற்றுதான், அதுவும் கடைசியில். 'மழை பெய்ததால் நான் வரவில்லை' என்பதில் 'பெய்ததால்' முற்று இல்லை. ஆங்கிலத்தில் 'பிகாஸ்' போட்டால் அதற்குப் பின்னால் எழுவாயும் முழு வினையும் வந்தே ஆக வேண்டும்: 'பிகாஸ் இட் ரெயின்ட்'. பிள்ளைகள் 'பிகாஸ் ரெயினிங்' என்று நிறுத்திவிடுகிறார்கள். 'பெய்தால்' என்பதில் காலமே தெரியாது. அதனால் நாளைய மழைக்கு 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுகிறார்கள். 'இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ' என்பதே சரி. இதை அறிவுக்குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிள்ளை தமிழை ஒழுங்காகத் தெரிந்து வைத்திருக்கிறது. இரண்டு மொழியும் எங்கே பிரிகின்றன என்பதை யாரும் காட்டித்தரவில்லை, அவ்வளவுதான்.

பெயரெச்சத்திலும் இதே கதை. 'நேற்று வந்த பையன்' என்று நாம் முன்னால் வைப்பதை ஆங்கிலம் பின்னால் வைக்கும்: 'த பாய் ஹூ கேம் எஸ்டர்டே'. இதனால் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒரு வாக்கியமே புகுந்துகொள்ளும். 'த பஸ் விச் லெஃப்ட் ஆற்காடு அட் சிக்ஸ் ரீச்ட் வேலூர் லேட்.' முதலில் வினைகளுக்கு அடியில் கோடு போடச் சொல்வேன்: லெஃப்ட், ரீச்ட். அப்புறம் 'விச்' முதல் 'சிக்ஸ்' வரை அடைப்புக்குள் போட்டால், மிச்சம் இருப்பது மெயின் கிளாஸ்: பஸ் வேலூருக்கு லேட்டாகப் போய்ச் சேர்ந்தது.

'தோ' போட்டுவிட்டு நடுவில் 'பட்'டும் போடுபவர்களிடம், 'மழை பெய்தாலும் ஆனால் வந்தான்' என்று தமிழில் சொல்லுவீர்களா என்று கேட்பேன். உடனே திருத்திக்கொள்வார்கள். சப்ஆர்டினேட் கிளாஸ் முன்னால் வந்தால் கமா போட வேண்டும். பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது 'அன்லெஸ்' பற்றித்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகள் இவர்கள். 'டு நாட் ஸ்டார்ட் த மெஷின் அன்லெஸ் த கார்டு இஸ் குளோஸ்டு' என்று எழுதிக் கொடுத்தேன். 'அன்லெஸ்' என்பதை 'இஃப்' போல எடுத்துக்கொண்டு, 'பாதுகாப்பு மூடி (கார்டு) மூடியிருந்தால் மெஷினை ஓட்டாதே' என்று சொன்னவர்கள் உண்டு. அர்த்தம் அப்படியே தலைகீழ், கை போய்விடும். பாதுகாப்பு மூடியை மூடாமல் ஓட்டாதே என்பதுதான் அதன் பொருள். 'அன்லெஸ்' கண்டால் மேலே பென்சிலால் 'இஃப் நாட்' என்று எழுதிக்கொண்டு படியுங்கள். 'நாட்' அதற்குள்ளேயே இருப்பதால், எழுதும்போது அந்தக் கிளாஸில் இன்னொரு 'நாட்' சேர்க்காதீர்கள்.