ஒலவக்கோட்டு ரயில்வே ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை பணம்: ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களுக்கான ஆர்.இ.எல்.எச்.எஸ். மருத்துவத் திட்டம்

ரயில்வேயில் ஓய்வு பெறப்போகிறவர் கைக்குச் சில மாதம் முன்பே ஒரு கட்டு ஃபாரம் வந்து சேரும். பி.எஃப்., கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், லீவ் சம்பளம் என்று பணம் வரும் தாள்களுக்கு நடுவில் பணம் போகும் தாள் ஒன்றும் இருக்கும். பாலக்காடு டிவிஷனில் தண்டவாளம் பராமரிக்கும் டிராக்மேனாக இருந்த எங்கள் அப்பா அந்தத் தாளை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். "முப்பதாயிரத்தப் புடிச்சுக்குவாங்களாமா கண்ணு. நமக்கென்ன சீக்கு வரப்போகுது?" என்பார். கேரள-தமிழ்நாடு எல்லையில் வாளையார்ப் பக்கம் பல வீடுகளில் இன்றும் இதே பேச்சுதான்.

அந்தத் தாளின் பெயர் ஆர்.இ.எல்.எச்.எஸ். 97, அதாவது ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களுக்கான தளர்த்தப்பட்ட சுகாதாரத் திட்டம். இது இன்சூரன்ஸ் இல்லை. நடுவில் கம்பெனி கிடையாது, பாலிசி கிடையாது, வருஷா வருஷம் புதுப்பிக்கும் வேலையும் கிடையாது. வேலை கொடுத்த ரயில்வேயே தன் டாக்டர், தன் மருந்து, தன் பணத்தில் உங்களைப் பார்த்துக்கொள்கிறது. தன்னிடம் இல்லாத சிகிச்சைக்கு வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அந்தப் பில்லையும் கட்டுகிறது. எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் கேரள அரசில் ஓய்வு பெற்றவர். அவருக்கு மெடிசெப் என்ற மாநில அரசு மருத்துவ இன்சூரன்ஸ். 2022 ஜூலையில் அது தொடங்கியபோது பென்ஷனில் மாதம் 500 ரூபாய் பிடித்தார்கள், பில்லைக் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. ரயில்வேக்காரருக்கு மாதப் பிடித்தம் இல்லை. வாழ்நாளுக்கு ஒரே ஒரு முறை கட்டினால் போதும்.

எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கடைசி மாத அடிப்படைச் சம்பளம் ஒன்று. மத்திய அரசு ஊழியர்களின் சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.-ல் ஆயுள் அட்டைக்கு உங்கள் சம்பள லெவலில் கட்டவேண்டிய தொகை இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்கு. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு வந்த சி.ஜி.எச்.எஸ். தொகை லெவல் 1 முதல் 5 வரை 30,000 ரூபாய், லெவல் 6-க்கு 54,000, லெவல் 7 முதல் 11 வரை 78,000, அதற்கு மேல் 1,20,000. லெவல் 5-ல் 45,000 அடிப்படைச் சம்பளத்தோடு ஓய்வுபெறும் டிராக்மேன் கட்டுவது 30,000. லெவல் 6-ல் 52,000 வாங்கியவருக்குச் சம்பளம்தான் குறைவு, ஆகவே 52,000. செட்டில்மென்ட் பணத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

சேர்வதற்கு இருபது வருஷத் தகுதிச் சேவை வேண்டும். உடல் தகுதி போய் வெளியேற்றப்பட்டவர்களுக்கும், பணியில் இருக்கும்போதே இறந்தவரின் மனைவி அல்லது கணவருக்கும் இந்த இருபது வருஷ விதி இல்லை. உறுப்பினர் காலமானால் மனைவிக்கு அதே சலுகை தொடரும், மறுபடி பணம் கட்ட வேண்டாம். இதைத் தெரியாமல் மெடிக்கல் அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத் தனியார் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும் பாட்டிகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது எங்கள் எல்லைப் பகுதிக்காரர்களைக் குழப்பும் சங்கதி: எஃப்.எம்.ஏ., மாதாந்திர மருத்துவப் படி. ரயில்வே ஆஸ்பத்திரியோ ஹெல்த் யூனிட்டோ இருக்கும் இடத்திலிருந்து 2.5 கிலோமீட்டருக்கு அப்பால் குடியிருந்து, அங்கே ஓ.பி. பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால், பென்ஷனோடு மாதம் 1,000 ரூபாய் வரும். 2017 ஜூலைக்கு முன் இது 500-ஆக இருந்தது. வாளையார், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கும் ஒலவக்கோடு எட்டாத தூரம். அதனால் எல்லோரும் ஆயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். படி வாங்கினாலும் படுத்துச் சிகிச்சை பெறும் உரிமை போகாது. பொதுவாகப் போவது தினசரி ஓ.பி.யும் மாத மாத்திரையும்தான். அறுபது வயதில் அது பெரிதாகத் தெரியாது. சர்க்கரை, பிரஷர், இதயத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று சேர்ந்தபிறகு ஆயிரம் ரூபாய் பதினைந்து நாளைக்குக் காணாது. என்னைக் கேட்டால், தீராத வியாதி ஒன்று இருந்தாலும் அந்த ஆயிரத்தை விட்டுவிடலாம்.

அப்பா விட்டுவிட்டார். மாதம் ஒரு நாள் காலையில் ரயிலேறி ஒலவக்கோட்டில் இறங்குவார். பாலக்காடு ஜங்ஷன் இருப்பதே ஒலவக்கோட்டில்தான். மஞ்சள் துணிப்பைக்குள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் தீர்ந்த மாத்திரைகளின் அட்டைகள். பெயர் வாயில் நுழையாது என்பதால் வெறும் அட்டையை ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குள் நீட்டிவிடுவார். கோயமுத்தூரை ஒட்டிய போத்தனூரிலும் ரயில்வே டாக்டர் உண்டு, ஆனால் 2007-ல் சேலம் டிவிஷன் பிரிந்தபோது போத்தனூர் அந்தப் பக்கம் போய்விட்டது. கோயமுத்தூரில் மகனோடு குடியேறுகிறவர்கள் தங்கள் பதிவு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய மெடிக்கல் புத்தகத்துக்குப் பதிலாக இப்போது உமிட் என்ற மருத்துவ அடையாள அட்டை. விண்ணப்பம் ஆன்லைனில், ஓ.டி.பி. போனுக்கு வரும். பேரன் நம்பரைக் கொடுத்துவிட்டு அவன் துபாய் போன பிறகு திண்டாடாதீர்கள்.

வெளி ஆஸ்பத்திரி விஷயத்தில் விதி கறார். சாதாரண நேரத்தில் ரயில்வே டாக்டர் எழுதிய ரெஃபரல் கடிதம் இல்லாமல் போனால் பணம் உங்களுடையது. உயிர் போகும் அவசரத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், பிறகு பில்லைக் கொடுத்துக் கேட்கலாம். ஆனால் பொதுவாக சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத்தான் தருவார்கள், மிச்சம் நம் தலையில். அப்பாவுக்கு ஒருநாள் ராத்திரி நெஞ்சு அடைத்து, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். டிஸ்சார்ஜ் தாளில் எல்லாம் இருந்தது, அவசர நிலையில் வந்தார் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்த வரிக்காக மூன்று நடை நடந்தேன், மூன்றாவது நடையில்தான் சீல் வைத்துக் கொடுத்தார்கள். ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் முன்பே அவசரச் சான்றிதழ், ஒவ்வொரு பில்லின் ஒரிஜினல், டிஸ்சார்ஜ் தாள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சேர்த்த மறுநாளே ரயில்வே ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஆர்.இ.எல்.எச்.எஸ். உறுப்பினரா, எஃப்.எம்.ஏ. வாங்குகிறீர்களா என்பது அதிலேயே இருக்கும்.