கேபிள் செருகாத மேலாண்மைப் போர்ட்

சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தின் பேக்கப் சர்வரைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பின்பக்கத்தில் ஐபிஎம்ஐ என்று அச்சிடப்பட்டிருந்த போர்ட், அதாவது சர்வரைத் தொலைவிலிருந்தே நிர்வகிப்பதற்கான போர்ட், காலியாக இருந்தது. "அதை நாங்க பயன்படுத்துறதே இல்ல சார், அதனால கேபிளே போடல" என்றார் பொறுப்பாளர். ஊழியர்களின் நெட்வொர்க்கில் என் மடிக்கணினியை இணைத்து ஸ்கேன் செய்தபோது, யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு முகவரி கிடைத்தது. பிரவுசரில் திறந்தால், அதே சர்வரின் மேலாண்மைப் பக்கம். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லே உள்ளே விட்டது.

இது எப்படி நடந்தது என்பதற்கு, போர்ட்டுக்குப் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிஎம்சி எனப்படும் சிப், மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனிக் குட்டிக் கணினி. சர்வரை அணைத்திருந்தாலும், பவர் கார்டில் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அதில் நுழைந்தவர் சர்வரை அணைக்கலாம், அதன் திரையைப் பார்க்கலாம், தன்னிடமுள்ள ஐஎஸ்ஓ கோப்பைச் சிடி போல மாட்டி அதிலிருந்தே பூட் செய்யலாம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் நீங்கள் போட்ட ஃபயர்வால் இவற்றில் எதையும் தடுக்காது.

சூப்பர்மைக்ரோ நிறுவனத்தின் பல சர்வர் போர்டுகளில் பிஎம்சியின் லேன் அமைப்புக்கு டெடிகேட்டட் (தனிப் போர்ட் மட்டும்), ஷேர்டு (சாதாரண லேன் போர்ட்டைப் பகிர்வது), ஃபெயில்ஓவர் என மூன்று நிலைகள் உண்டு. வரும்போதே இருப்பது ஃபெயில்ஓவர். பிஎம்சி துவங்கும் நேரத்தில் தனிப் போர்ட்டில் இணைப்பு இல்லையென்றால், சர்வரின் முதல் சாதாரண லேன் போர்ட்டில் அது தானாக ஏறிக்கொண்டு, நெட்வொர்க்கில் முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியிடம் ஒரு முகவரியும் வாங்கிக்கொள்ளும். அதாவது, கேபிளைச் செருகாமல் விட்டதுதான் மேலாண்மைப் பக்கத்தை ஊழியர்களின் நெட்வொர்க்கில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த லேன் போர்ட் நேராக இணையத்தை நோக்கியிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, அந்த நிலையை டெடிகேட்டட் என்று மாற்றுவது. பிறகு நிலையான முகவரி, தனி வி-லேன் (அதே சுவிட்சுகளுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்). வி-லேன் எண்ணைத் தவறாகப் போட்டால் அந்த நொடியே வெளியில் நிற்பீர்கள் என்பதால், இதை சர்வரின் முன் அமர்ந்து, லினக்ஸிலிருந்து ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவி வழியாகச் செய்வது நல்லது; அங்கே ரூட் உரிமை (முழு நிர்வாகி உரிமை) இருந்தால் பிஎம்சியின் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. இந்த வசதியே ஆபத்தும்கூட. சிஸ்டத்தில் ரூட் உரிமை பெற்ற திருடர் பிஎம்சியில் தனக்கொரு பயனரைச் சேர்த்துவிட்டுப் போகலாம்; சிஸ்டத்தை அழித்து மறுபடி நிறுவினாலும் அந்தப் பயனர் அப்படியே இருப்பார். பழைய சர்வர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பயனர் பட்டியலைத்தான்.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையிலேயே ஒரு குறை இருக்கிறது: சரியான பயனர் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு, அவர் யாரென்று உறுதிசெய்யும் முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஹாஷை (ஊகித்த கடவுச்சொற்களை ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவும் குறியீட்டை) பிஎம்சி அனுப்பிவிடும். வீட்டில் வைத்து நிதானமாக உடைத்துப் பார்க்கலாம். ஃபர்ம்வேர் (பிஎம்சிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டால் இது தீராது. கடவுச்சொல்லின் நீளமும் 20 எழுத்துகளோடு நின்றுவிடும். அந்த 20-ஐயும் தாறுமாறான எழுத்துகளால் நிரப்புங்கள். தேவையில்லாத இடத்தில், ஐபிஎம்ஐ கேட்டுக்கொண்டிருக்கும் நெட்வொர்க் வாசலான யுடிபி 623-ஐயே மூடிவிடுங்கள்.

அப்டேட் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. ஹெச்பி சர்வர்களின் பிஎம்சியான ஐஎல்ஓ 4-இல் இருந்து 2017-இல் திருத்தப்பட்ட ஒரு குறையில், 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை 29 முறை, வலைக் கோரிக்கையின் தலைப்புப் பகுதியான ஒரு ஹெடரில் அனுப்பினாலே கடவுச்சொல்லின்றி உள்ளே போக முடிந்தது.

அந்த அலுவலகத்தில் நிலையை மாற்றி, தனி வி-லேனுக்குக் கேபிள் இழுத்த பின், வேண்டுமென்றே அந்தக் கேபிளைப் பிடுங்கி பிஎம்சியை மட்டும் ரீசெட் செய்தேன். சில நிமிடம் பொறுத்து ஊழியர்களின் நெட்வொர்க்கை மறுபடி ஸ்கேன் செய்தபோது, அந்த மேலாண்மைப் பக்கம் எந்த முகவரியிலும் கிடைக்கவில்லை. அதன் பிறகே கேபிளைத் திரும்பச் செருகினேன்.