கட்டடங்களை ஒதுக்கி வழிவிடும் வரைபடங்கள்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் குறுக்குத் தெருக்கள் பெரும்பாலும் 18 மீட்டர் அகலம்தான். ஓரத்தில் 60 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். முப்பரிமாண வரைபடத்தில் 45 பாகைச் சாய்வில் பார்த்தால், அதன் பின்னால் 60 மீட்டர் தரை மறைந்துவிடும். தெரு முழுக்கப் போச்சு. தெரு கொஞ்சமாவது தெரிய வேண்டுமானால் கேமராவை 73 பாகைக்கு மேல் தூக்க வேண்டும். அப்போது மொட்டைமாடிகள்தான் கண்ணில் படும், முகப்பு நசுங்கிப்போகும். முகப்பைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கத்தானே முப்பரிமாணமே!

ஜெர்மானிய வரைபடக் கலைஞர் ஹெர்மன் போல்மன் 1960களில் இதே நகரை வரைந்தபோது, தெருக்களை உள்ளதைவிட அகலமாக வரைந்து சமாளித்தார். இப்படிப்பட்ட வரைபடம் வரையும் மென்பொருளோ முதலில் மறைப்பை அளக்கிறது. அடையாளக் கட்டடத்தை மட்டும் வரைந்து அது எத்தனை பிக்சல் என்று எண்ணும். அப்புறம் எல்லாக் கட்டடங்களோடும் சேர்த்து வரைந்து, மிச்சம் தெரிவதை எண்ணும். வித்தியாசம்தான் மறைப்பு. போகவேண்டிய பாதைக்கும் இதே கணக்கு.

குறுக்கே நிற்பதைக் கண்ணாடிபோல் ஆக்குவது சுலபம். ஆனால் நாலைந்து கட்டடங்கள் அடுத்தடுத்து நின்றால் எது முன்னே, எது பின்னே என்றே புரியாது. எனக்கு இந்த முறை பிடிப்பதில்லை. உயரத்தைக் குறைத்தால் ஊரின் அமைப்பு கலையாது, ஆனால் பெயர்பெற்ற கோபுரத்தில் கைவைக்க முடியாது.

போல்மன் வழியில் தெருவை அகட்டலாம். அதற்கு வேறெங்காவது இடம் பிடுங்க வேண்டுமே? வரைபடத்தை ரப்பர் தாள்போல் பாவித்து, பாதை செல்லும் பகுதியை விரித்து, யாரும் தேடாத பகுதியைச் சுருக்குகிறார்கள். கட்டடம் சாலையின் மறுபக்கம் தாவக் கூடாது, நேர்த்தெரு நெளியக் கூடாது என்று விதிகள் உண்டு. மறைப்புக்கு ஓர் அபராதம், சிதைவுக்கு ஓர் அபராதம் என்று வைத்து, மொத்த அபராதம் மிகக் குறைவாக வரும் அமைப்பைக் கணினி தேடும்.

வரைபடம் அசையத் தொடங்கினால்தான் உண்மையான தலைவலி. ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், தனித்தனியாகக் கணக்குப் போட்டால் கட்டடங்கள் துள்ளிக் குதிக்கும். அதனால் முந்தைய பிரேமிலிருந்து விலகினாலும் அபராதம். சரி, வண்டி சட்டென்று திரும்பினால்? கட்டடங்கள் மெதுவாக நகர்ந்து முடிவதற்குள் திருப்பமே போய்விடும். நல்லவேளையாக, வழிகாட்டும் செயலிக்குப் பாதை முன்கூட்டியே தெரியும். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நகர்த்த ஆரம்பித்துவிடலாம்.