ஒகேனக்கல் பாறை ஏன் மேலே ஏறுகிறது?

சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுப் பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்க வெப்சைட்ல மாம்பழம் மேலேருந்து கொட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி அனிமேஷன் போட்டிருக்கோம் சார். பார்க்கிறவங்க அழகா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா கன்று விலை என்னன்னு போன் பண்ணிக் கேட்கிறாங்க. விலை அதே பக்கத்துல பெரிய எழுத்துலதான் இருக்கு. ஏன் கண்ணுல படல?"

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலத்துக்குத்தான், ஏறக்குறைய 2 டிகிரி அளவுக்கு, நமக்குத் துல்லியமான பார்வை உண்டு. நகத்திலேயே கண்ணை நிறுத்திக்கொண்டு பக்கத்தில் கிடக்கும் செய்தித்தாளை வாசிக்க முயன்றால் முடியாது. அந்தச் சின்ன வட்டத்தை நொடிக்கு மூன்று நான்கு முறை நகர்த்தி நகர்த்தித்தான் வாசிக்கிறோம். ஓரக்கண்ணுக்கு எழுத்து பிடிபடாது. அசைவு உடனே பிடிபடும். வரப்பில் நடக்கும்போது ஓரத்தில் ஏதோ நெளிந்தால், பாம்பா கயிறா என்று யோசிப்பதற்குள் தலை திரும்பிவிடுகிறதே, அதுதான். விலையை வாசிக்க வந்த கண்ணை விழுகிற ஒவ்வொரு மாம்பழமும் இப்படித்தான் இழுக்கிறது.

ஓயாத அசைவு இன்னொரு வேலையும் செய்யும். ஒகேனக்கல் போனால் சோதித்துப் பாருங்கள். விழும் தண்ணீரில் ஏதாவது ஒரே இடத்தை ஒரு நிமிடம் கண் நகர்த்தாமல் பார்த்துவிட்டு, சட்டென்று பக்கத்துப் பாறைக்குப் பார்வையை மாற்றுங்கள். பாறை மேலே ஏறும்! ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். 1834-ல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கண்டு எழுதிவைத்தார்.

மூளையின் பார்வைப் பகுதியில் கீழ்நோக்கிய அசைவுக்கென்று ஒரு நரம்பணுக் கூட்டம், மேல்நோக்கியதற்கு வேறொரு கூட்டம். எதுவும் அசையாதபோதும் இரண்டும் லேசாகத் துடித்துக்கொண்டுதான் இருக்கும். மூளை இரண்டையும் தராசில் போடுகிறது. தட்டுகள் சமமாக நின்றால் அசைவில்லை என்று பொருள். அருவியையே பார்த்துக்கொண்டிருந்தால் கீழ்நோக்கிய கூட்டம் களைத்து, துடிப்பு குறைந்துவிடும். அப்போது பாறையைப் பார்த்தால் மேல்நோக்கிய தட்டு கனக்கிறது, பாறை ஏறுகிறது. இடம் ஒரு கணக்கு, அசைவு தனிக் கணக்கு என்று மூளை வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். இந்த மாதிரி ஆராய்ச்சியால் என்ன லாபம் என்று கேட்டு நிதியை மறுப்பது தவறு என்பேன். திரைக்கு வடிவம் கொடுக்கும் எல்லோருக்கும் இன்று இந்த அறிவு தேவைப்படுகிறது.

தொப்பூர் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து போகும்போது போனில் வாசித்தால் குமட்டும். உள்காது அசைகிறோம் என்கிறது, கண் இல்லை என்கிறது. திரை முழுக்க நகரும் அனிமேஷனில் இதே சண்டை தலைகீழாக நடக்கும், சிலருக்குத் தலைசுற்றும். போன் செட்டிங்கில் அசைவைக் குறைக்கும் வசதி அவர்களுக்காகத்தான் இருக்கிறது. அதை வெப்சைட்டும் கவனித்து நடக்கும்படி நாலு வரி கோடில் எழுதிவிடலாம். தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த வழி தர வேண்டும் என்று, மாற்றுத்திறனாளிகளும் வெப்சைட்டைப் பயன்படுத்துவதற்காக வகுத்த இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன.

சரி, பண்ணைக்கார நண்பரே, மாம்பழ மழையை நிறுத்திவிடுங்கள். பக்கம் திறந்ததும் ஒரே ஒரு பழம் விழட்டும். ஒரே சீராக இறங்கினால் கயிறு கட்டி இறக்கியது போலிருக்கும். வேகம் கூடிக்கொண்டே வந்து, விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் லேசாகத் துள்ளி அடங்கட்டும். கண் தானே விலைக்கு வந்து சேரும். பழத்தை நகர்த்த, அது மேலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று குறிக்கும் 'டாப்' அளவை மாற்றாமல், வரைந்த படத்தை அப்படியே நகர்த்தும் 'டிரான்ஸ்ஃபார்ம்' கட்டளையைப் பயன்படுத்தும்படி டிசைனரிடம் சொல்லுங்கள். நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16 மில்லிநொடி சொச்சம்தான். 'டாப்' அளவை மாற்றி, ஒவ்வொரு முறையும் பக்கத்தை முதலிலிருந்து அடுக்கிப் பார்க்கச் சொன்னால் பழைய போன் திணறி, பழம் விட்டு விட்டு விழும்.