ஈரநில வரைபடத்தில் உங்கள் மனை எங்கே விழுகிறது?

மே மாதம் ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் போய் நின்றால், பாளம் பாளமாக வெடித்த மண்தான் தெரியும். தண்ணீர் எங்கோ நடுவில் கொஞ்சம் கிடக்கும். மனை விற்பவர்கள் அந்த நேரத்தில்தான் கூட்டி வருவார்கள். “தண்ணிக்கும் நம்ம இடத்துக்கும் எவ்வளவு தூரம் பாருங்க சார்!”

சட்டம் அந்தத் தூரத்தை மே மாதத்துத் தண்ணீரை வைத்து அளப்பதில்லை. மத்திய அரசின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் 2017 செப்டம்பரில் வந்தன. அதற்கு முந்தைய 10 ஆண்டுகளின் சராசரி வெள்ள மட்டம் எதுவோ, அங்கிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. படகுத்துறைக்கு மட்டும் விலக்கு. அந்த 10 ஆண்டுக் கணக்கில் சென்னையின் 2015 வெள்ளமும் அடக்கம். ஆக்கிரமிப்பு, புதிய ஆலை, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது எல்லாமே தடைதான்.

சரி, எந்த ஈரநிலத்துக்கு இது பொருந்தும்? ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) இருப்பவற்றுக்கும், அரசு தனியாக அறிவிக்கை செய்பவற்றுக்கும். 2.25 ஹெக்டேருக்கு மேல் உள்ளவை மட்டும் நாட்டில் 2,01,503 என்று அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோ மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுத்தது. அதில் எதை முதலில் காப்பது என்று பார்ப்பது மாநில ஈரநில ஆணையத்தின் வேலை.

ஆணையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்க ஆவணம் தயாரிக்க வேண்டும். அதில் எல்லை வரைபடம் இருக்கும். நேரில் போய்ச் சரிபார்த்ததாக இருக்க வேண்டும். அந்த நிலம் நமக்கு என்ன செய்கிறது என்பதும் இருக்கும்: வெள்ளத்தை வாங்கிக்கொள்வது, கிணறுகளுக்கு ஊற்று கொடுப்பது, மீன், பறவை. இதைத்தான் சூழல் சேவை என்கிறார்கள். அப்புறம் ‘செல்வாக்கு மண்டலம்’. நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்த இடத்தில் கட்டினால் இந்தச் சேவை கெடுமோ, அந்த இடம். எத்தனை மீட்டர் என்று விதியில் எண் கிடையாது. வரைபடம்தான் சொல்ல வேண்டும். அது வரையப்படாததால்தான், சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி 1 கி.மீ.க்குள் கட்டட அனுமதி தரக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஏமாற்றம் உண்டு. பாசனத்துக்கோ குடிநீருக்கோ மனிதர்கள் அமைத்த நீர்நிலைகள் இந்த விதிகளின்படி ஈரநிலமே அல்ல. மதகும் கலங்கலும் வைத்துக் கட்டிய நம் ஏரிகள் பெரும்பாலும் வெளியே போய்விடுகின்றன. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது பெரிய ஓட்டை என்பேன். பொதுப்பணித் துறை ஏரிகளின் ஆக்கிரமிப்புக்கு 2007-ல் வந்த மாநிலச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். காடு, சரணாலயம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம் ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

வரைவு அறிவிக்கை வந்தால் ஆட்சேபம் சொல்ல 60 நாள். அதற்குள் ஆவணத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் புல எண் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள உரிமைகளையும் அதில் பதிய வேண்டும் என்பது விதி. கோரை அறுப்பவர்கள், வலை வீசுபவர்கள், மாடு மேய்ப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. மனுவில் ‘பரம்பரையாக’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கரை, எந்த மாதம், எத்தனை குடும்பம் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துடன் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.